12 லட்சம் யாருக்கு, 2.5 லட்சம் யாருக்கு?



2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் வருமான வரி கட்ட வேண்டாம் என்றார். மேசைகள் தட்டப்பட்டன. மாதச் சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம். இந்தச் சலுகையால் நேரடி வரியில் அரசு இழப்பது ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் கோடி என்பதையும் அவரே சொன்னார்.

தேசூரிலும் ஆரணி, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கமும் பட்டுத்தறியில் கூலிக்கு நெய்கிற வீட்டில் போய் இதைச் சொன்னால் என்ன பதில் வரும்? "நம்ம வருமானத்துக்கு வரியா? அதுல நமக்கு இன்னா இருக்குது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்குள்ளேயே நம்மை ஏமாற்றுகிற ஒரு பொய்யும் ஒளிந்திருக்கிறது. வருமான வரி என்பது பணக்காரன் சமாச்சாரம், நாம வரி கட்டாத சனம் என்கிற பொய். இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "எங்க வரிப் பணத்துல படிக்கிறானுங்க" என்று கல்லூரி விடுதியில் நம் பிள்ளைகள் காதுபட ஏசுகிறார்களே, அந்த ஏச்சுக்கு ஆதாரமே இந்தப் பொய்தான்.

முதலில் இதை உடைப்போம். கடையில் வாங்குகிற ஒவ்வொரு பொருளிலும் நாம் வரி கட்டுகிறோம். குளிக்கிற சோப்புக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22இல்தான் 5 சதவீதமாகக் குறைந்தது. அதுவரை கலெக்டர் வீட்டுச் சோப்புக்கும் 18, காலனி வீட்டுச் சோப்புக்கும் 18. வாங்குபவர் வருமானத்தை அந்த வரி பார்ப்பதில்லை. இது எல்லாருக்கும் தெரிந்த சேதி. தெரியாத சேதி ஒன்று இருக்கிறது. வருமான வரியே நம் வீட்டில் பிடிக்கப்படுகிறது. பிடித்தது நமக்குத் தெரிவதில்லை. திரும்ப வாங்கவும் நாம் போவதில்லை.

எப்படி என்று பார்ப்போம். பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் முதலாளி கொடுக்கிறார். வீட்டு ஆம்பளை குழித்தறியில் இறங்குகிறார், பொம்பளையும் பிள்ளைகளும் தார் சுற்றுகிறார்கள். சேலை முடிந்தால் கூலி. சட்டத்தின் கண்ணில் இது ஒப்பந்த வேலை. ஆண்டுக்கு 1 கோடிக்கு மேல் வியாபாரம் செய்கிற முதலாளி, ஒருவருக்கு ஒரே தடவையில் 30,000க்கு மேலோ, ஆண்டு முழுவதும் சேர்த்து 1 லட்சத்துக்கு மேலோ கூலி கொடுத்தால் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். டிடிஎஸ் என்பது இதுதான். கணக்குக்காக ஒரு வீட்டுக்கு ஆண்டுக் கூலி 1,50,000 என்று வைத்துக்கொள்வோம். பிடிப்பு 1,500 ரூபாய். அந்த வீட்டுக்கு வரி எதுவும் கிடையாது. அதனால் அந்த 1,500உம் அவர்கள் பணம். ஆனால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் அது திரும்ப வரும்.

இதோடு நிற்கவில்லை. பான் எண் இல்லை என்றாலோ, இருக்கிற பான் செயலிழந்து கிடந்தாலோ பிடிப்பு 1 சதவீதம் அல்ல, 20 சதவீதம். அதே 1,50,000 கூலியில் 30,000 ரூபாய். பான் எண்ணே தராமல் பிடிபட்ட பணம் நம் கணக்கில் ஏறுவதுமில்லை. முதலாளியின் கணக்காளர் தன் அறிக்கையைத் திருத்தி நம் எண்ணைச் சேர்த்தால்தான் ஏறும். கூலிக்காரன் போய்க் கேட்டால் அவர் திருத்துவாரா?

பான் ஏன் செயலிழந்தது? ஆதாரோடு இணைக்க 2023 ஜூன் 30 கடைசி நாள் என்றார்கள். 2022 ஜூலையிலிருந்தே அதற்கு 1,000 ரூபாய் கட்டணம். இணைக்காத பான் 2023 ஜூலை 1 முதல் செல்லாது. "ஆயிரம் ரூபா கட்டுனா முடிஞ்சிது" என்று சொல்லலாம். நம்ம சனத்துக்கு அது அவ்வளவு லேசா முடியுதா? பான் விண்ணப்பத்தில் இனிஷியல் போட முடியாது, அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயர் மாதிரி எழுத வேண்டும். ஆதாரில் வெறும் இனிஷியல் இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தோதாகப் போட்ட பிறந்த தேதி ஒன்று, ஆதாரில் ஏறியது இன்னொன்று. பெயர் ஒட்டாது, தேதி ஒட்டாது, இணைப்பு விழாது. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் இல்லாதது சாதிப் பட்டத்தை அறுத்த பெருமை. டெல்லியில் அச்சடித்த படிவம் அந்தப் பெருமைக்கே அபராதம் போடுகிறது. பிறந்தநாளைக் குறித்து வைக்க வழியில்லாத தலைமுறைகளின் பிள்ளைகளே இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

ஆரணியை 1970களின் தொடக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தவர் பொருளாதார அறிஞர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட். இந்தச் சந்தையை நடத்துவதில் அரசு எழுதிய சட்டத்தைவிடச் சாதிக்கும் குடும்பத்துக்கும் ஆண் பெண் பேதத்துக்கும் கை ஓங்கியிருக்கிறது என்பதை அவர் எழுத்துகள் விரிவாகக் காட்டுகின்றன. கூலிக்குச் சீட்டு இல்லை, முன்பணத்துக்குக் கணக்கு இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. இப்படிப்பட்ட ஊரில் காகிதம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் அதிகாரம் இருக்கும். வருமான வரிக் கணக்கு அந்தக் காகிதங்களில் ஒன்று. அதை நாம் நம் கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தலையங்கத்தின் கோரிக்கை.

இனி, நம்மிலிருந்து முதல் தலைமுறையாகச் சம்பளத்துக்குப் போனவர்களைப் பற்றி. ஆசிரியர், காவலர், செவிலியர், தூய்மைப் பணியாளர். புதிய வரித்திட்டம் 2023-24 நிதியாண்டு முதல் தானாகப் பொருந்தும் திட்டமாகிவிட்டது. அதில் விகிதம் குறைவு, ஆனால் பழைய கழிவுகளில் பெரும்பாலானவை இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டி, வாடகைப்படி, ஆயுள் காப்பீடு, பெற்றோரின் மருத்துவக் காப்பீடு எதுவும் கணக்கில் வராது. 12 லட்சத்துக்குள் வருமானம் உள்ளவருக்கு இதனால் நட்டமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆதிக்க சாதி வீட்டில் நாலாவது தலைமுறையாகச் சம்பளம் வாங்குகிறவர் தன் சம்பளத்தைத் தான் வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டில் முதல் சம்பளம் வாங்குகிற பெண், தம்பி தங்கை படிப்பு, அப்பாவின் கடன், அக்காவின் கல்யாணம் எல்லாவற்றையும் சுமக்கிறாள். பழைய திட்டத்திலும் கல்விக் கட்டணக் கழிவு பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான். கூடப் பிறந்தவரைப் படிக்க வைப்பது எந்தத் திட்டத்திலும் செலவே இல்லை.

அதே சட்டம் 'இந்து கூட்டுக் குடும்பம்' என்பதைத் தனி ஆளாக மதிக்கிறது! 1922 சட்டத்தில் இருந்தது, 1961இல் இருந்தது, 2025 சட்டத்திலும் இருக்கிறது. பூர்வீகச் சொத்துள்ள குடும்பம் அதன் பெயரில் தனிப் பான் வாங்கலாம், தனிக் கணக்கு காட்டலாம், தனி அடிப்படை விலக்கும் பெறலாம். பூர்வீகமாகச் சொத்தே மறுக்கப்பட்ட நமக்கு அது எதற்கு உதவும்? தலித் கிறிஸ்தவருக்கோ அந்தக் கதவே இல்லை. விவசாய வருமானத்துக்கும் வருமான வரி கிடையாது. அஞ்சு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஐந்நூறு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஒரே விலக்கு. 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் பட்ஜெட் மீது பேசிய அண்ணல் அம்பேத்கர், வருமான வரி ஒரு வரம்புக்குக் கீழே உள்ளவரை விட்டுவிடுகிறது, நிலவரியோ ஏழை உழவனையும் விடுவதில்லை, இது என்ன நீதி என்று கேட்டார். இன்று பெருநிலக்காரரும் தப்பித்துக்கொண்டார். '12 லட்சம்' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ரூபாய் இல்லை. 1892க்குப் பின் சென்னை மாகாணத்தில் நமக்கென ஒதுக்கப்பட்டதாக நாம் சொல்லிவரும் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம்தான். அது யார் கையில் இருக்கிறது, அதன் விளைச்சலுக்கு யார் விலக்கு பெறுகிறார் என்பதை வாசகர்களே யோசியுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருவோம். 2014இல் வருமான வரி விலக்கு வரம்பு 2.5 லட்சம் ஆனது. அப்போது பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம்தான். வரியில்லாத வீடும் உதவிக்குரிய வீடும் ஒன்று என்றாவது அதற்கு அர்த்தம் இருந்தது. பிறகு என்ன ஆயிற்று? 2019இல் முன்னேறிய சாதி 'ஏழை'களுக்கு 10 சதவீதம் கொண்டுவந்தபோது ஏழைமையின் வரம்பு 8 லட்சம். வரி தள்ளுபடியின் வரம்பு 2023இல் 7 லட்சம், 2025இல் 12 லட்சம். உதவித்தொகைத் திட்டத்தை 2020 டிசம்பரில் திருத்தி அமைத்தபோது மட்டும் 2.5 லட்சத்தை நகர்த்தவில்லை. அப்போது ஒதுக்கியது ஐந்து ஆண்டுக்கு 59,048 கோடி, அதில் ஒன்றிய அரசின் பங்கு 35,534 கோடி. நடுத்தர வர்க்கத்துக்கு ஒரே ஆண்டில் விட்டுக்கொடுத்தது 1 லட்சம் கோடி. நம் பிள்ளைகளுக்கு ஐந்தாண்டுக்கும் சேர்த்து ஒன்றிய அரசின் பங்கு அதில் பாதிகூட இல்லை.

8 லட்சம் வரை ஏழை என்று அரசே சொல்லும்போது 2.5 லட்சத்துக்கு மேல் வரி எப்படி வாங்கலாம் என்று திமுகவைச் சேர்ந்த குன்னூர் சீனிவாசன் வழக்குப் போட்டார். 2022 நவம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஒன்றிய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் 7ஆம் தேதி உச்சநீதிமன்றம் 10 சதவீத ஒதுக்கீட்டை 3க்கு 2 என்ற கணக்கில் ஏற்றது. அதில் நம் சாதி ஏழைகளைச் சேர்க்காதது பாகுபாடு என்று எழுதிய இரண்டு நீதிபதிகளின் குரல் சிறுபான்மையாகிப் போனது. வரி வரம்பு ஏறிவிட்டது. நம் வரம்பைப் பற்றி யார் கேட்பது?

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நம் வீடுகள் நசுங்குகின்றன. பையனுக்குக் கல்விக்கடன் வேண்டும், தறி போட முத்ரா கடன் வேண்டும் என்று வங்கிக்குப் போனால் "ஐடிஆர் இருக்கா?" என்கிறார்கள். ஏஜெண்ட் சொல்கிறார்: "அஞ்சு லட்சம்னு போட்டுடலாம், வரியும் வராது, லோனும் வரும்." வரி வராது என்பது உண்மை. ஆனால் அந்தக் காகிதம் தாலுகா அலுவலகத்திலோ கல்லூரியிலோ போய் நின்றால் மகளின் உதவித்தொகை போய்விடும். இல்லாத வருமானத்தை எழுதுவது நமக்கு நாமே பறிக்கும் குழி. சம்பளக்காரத் தோழர்களுக்கும் இதே எச்சரிக்கை. "ரீஃபண்டு வாங்கித் தர்றேன், பத்து சதவீதம் கொடு" என்று கட்டாத நன்கொடையையும் இல்லாத வீட்டுக்கடனையும் எழுதுகிற ஏஜெண்டுகள் ஊரெங்கும் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுக்க இதைச் சோதித்தது. சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளைத் தாங்களே திரும்பப் பெற்றதாக அறிவித்தது. நோட்டீஸ் வருவது கையெழுத்துப் போட்டவருக்கு. வேலையை நம்பி ஒரு தெருவே நிற்கிற ஆளுக்கு அது சாதாரண நோட்டீஸ் அல்ல.

என்ன செய்வது? மாணவத் தோழர்களிடம் நேராகக் கேட்கிறோம். நீங்கள் கணினி படித்தவர்கள், வணிகவியல் படித்தவர்கள். அரசு இணையதளத்தில் கணக்கு தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. ஊருக்கு ஒரு வரி மேசை போடுங்கள். ஒவ்வொரு வீட்டு 26ஏஎஸ் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள், எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். பிடித்தம் ஆண்டுக்கு 25,000 ஆகிவிட்டால் தாக்கல் செய்வதே கட்டாயம் என்று 2022 விதி சொல்கிறது. '12 லட்சம் வரை வரி இல்லை' என்பதற்குக் 'கணக்கு காட்ட வேண்டாம்' என்று அர்த்தமில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய திட்டத்தில் வருமானம் 4 லட்சம் தாண்டினாலே தாக்கல் செய்ய வேண்டும். விட்டுப்போன பழைய ஆண்டுகளின் பணத்துக்குக் காலதாமதத்தை மன்னிக்கக் கோரி ஐந்து ஆண்டுக்குள் மனுப் போடலாம் என்று 2024 அக்டோபர் சுற்றறிக்கை வழி திறந்திருக்கிறது. 1961 சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் என்று இயற்றப்பட்ட 2025 சட்டத்தின் முதல் வரைவில், கெடுவுக்குள் தாக்கல் செய்யாதவருக்குப் பிடித்த பணமே திரும்பக் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். தேர்வுக்குழு அதை நீக்கச் சொன்ன பிறகு எடுத்தார்கள். கண்ணை மூடியிருந்தால் எது போகும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

நெய்கிற தோழர்கள் உத்யம் பதிவு செய்யுங்கள். பதிவுள்ள சிறுதொழிலருக்குத் தர வேண்டியதை ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், இருந்தாலும் 45 நாளுக்குள் தராத முதலாளி, அதைத் தரும்வரை தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. 2024 ஏப்ரல் முதல் வந்த ஏற்பாடு இது. தனியாகப் பதிவு செய்தால் "உனக்குப் பாவு இல்லே போ" என்பார்கள். தெருவே பதிவு செய்தால் யாரை நிறுத்துவார்கள்?

அரசிடம் நம் கோரிக்கை ஒன்றுதான். ஒரு நாட்டில் ஏழைமைக்கு ஓர் அளவுகோல் வேண்டும். 12 லட்சம் சம்பாதிப்பவர் வரி கட்ட இயலாதவர் என்றால், 8 லட்சம் சம்பாதிக்கும் முன்னேறிய சாதிக்காரர் ஏழை என்றால், 2.5 லட்சத்தைத் தாண்டிய தறிக்காரர் மகள் எந்தக் கணக்கில் வசதியானவள் ஆனாள்? உதவித்தொகை வரம்பை உயர்த்து. கூலிக்காரரிடம் 20 சதவீதம் பிடிப்பதை நிறுத்து. பெயர் ஒட்டாததற்கு அபராதம் வாங்காதே.

அதுவரை, பிடித்த பணத்தை விடாதீர்கள். அது சலுகை இல்லை. நம்ம கூலி.