இரைச்சல் என்றவர்களும் அசல் என்றவர்களும்

விடுதி அறையில் க்ரியேட்டர் இசைக்குழுவின் 'ப்ளஷர் டு கில்' ஆல்பத்தை முதன்முதலாக ஸ்பீக்கரில் போட்ட அன்று பக்கத்து அறைத் தோழர் கதவைத் தட்டினார். "என்ன தோழர், ரூமுக்குள்ள மிக்ஸி ஓடுதா?" என்றார். மூன்றாவது வாரம் அவரே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அந்த மிக்ஸியப் போடுங்க" என்றார். கேட்டு முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்: "இதப் பத்தி யாராவது உருப்படியா எழுதியிருக்காங்களா?"

அந்தக் கேள்வியால்தான் இந்தக் கட்டுரை. ஆய்வேட்டின் அத்தியாயங்களை எழுதாமல் தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைத்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். 1986இல் வெளிவந்த அந்த ஜெர்மன் ஆல்பத்தைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். வாசித்தவற்றை இரண்டு சொற்களில் அடக்கிவிடலாம். ஒரு சாரார் 'இரைச்சல்' என்றார்கள். இன்னொரு சாரார் 'அசல்' என்றார்கள். பச்சையானது, காட்டுத்தனமானது, சுத்திகரிக்கப்படாதது. முதல் கூட்டம் எதிரி, இரண்டாவது கூட்டம் நண்பர்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

யார் இவர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் ரூர் பகுதி, நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்பெற்றது. அதன் பெரிய நகரங்களில் ஒன்று எஸ்ஸன், க்ரூப் நிறுவனத்தின் ஊர். நகரின் வடக்கே ஆல்ட்டனெஸ்ஸன் என்ற தொழிலாளர் குடியிருப்புப் பகுதி. அங்கே பள்ளிக்கூடப் பையன்களாக இருந்தபோது மில்லே பெட்ரோஸா, வென்டார் என்று அழைக்கப்பட்ட யூர்கன் ரைல், ராப் ஃபியரெட்டி ஆகிய மூவரும் சேர்ந்து தொடங்கியதுதான் இந்தக் குழு. மில்லேயின் தந்தை இத்தாலியர். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ஆள் போதாமல் மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்ட வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தப் பகுதியில் ஏன் இத்தனை இத்தாலியப் பெயர்கள் என்பது புரியும். அவர்கள் பயிற்சி செய்த இடம் ட்ஸெக்கே கார்ல். பழைய சுரங்க வளாகம். கரி எடுப்பது நின்றுபோய் வெகுகாலம் கழித்துப் பண்பாட்டு மையமாக மாற்றப்பட்டது. 'ப்ளஷர் டு கில்' வெளிவந்தபோது மில்லேக்கு 18 வயது.

அதே 1986ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று, அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஸால்வெரைன் சுரங்கம் மூடப்பட்டது. எஸ்ஸன் நகரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் அது. அப்பா வேலை பார்த்த இடத்துக்குப் பிள்ளையும் போவான் என்ற ஒரே ஒரு உறுதிமொழியில் ஓடிக்கொண்டிருந்த ஊரில், அந்த உறுதிமொழி முறிந்த ஆண்டு. ஆல்பத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் இருப்பதெல்லாம் பிணம், கொள்ளைநோய், கில்லட்டின்.

அந்தக் குருதிச் சேற்றை நான் பூசி மெழுகப் போவதில்லை. கொலையை ரசிக்கும் குரலில் ஒரு ஆல்பம் முழுக்கப் பாடுவதை, பதின்வயதுப் பையன்கள் திகில் படம் பார்த்த பாதிப்பில் எழுதியது என்று சொல்லி முடித்துவிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் இந்த வகை இசை பின்னாளில் டெத் மெட்டல் என்று தனிப்பெயர் பெற்று வளர்ந்தபோது, பெண்ணுடலைச் சிதைப்பதையே பாட்டுக்குப் பொருளாக்கிய குழுக்கள் வந்தன. இந்த இசைமீது பெண்கள் வைத்த விமர்சனம் நியாயமானது. என் பிரச்சினை அவர்களோடு அல்ல. வரிகளை வாசிக்கவே மெனக்கெடாமல், காதில் விழுந்த முதல் பத்து விநாடியிலேயே தீர்ப்பு எழுதியவர்களோடுதான்.

இரைச்சல் என்ற சொல் ஒலியைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றும். பேசுவது ஆளைப் பற்றி. 'இவன் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறான்' என்பதுதான் அதன் பொருள். ரசனை என்பது பிறவிக் கொடை அல்ல, வர்க்கத்தின் அடையாள அட்டை என்று பியர் பூர்தியூ 1979இலேயே பெரிய புத்தகம் எழுதிக் காட்டிவிட்டார். எனவே அதை மறுபடியும் நிரூபிக்கப் போவதில்லை. ஆல்பத்தைக் கேட்டாலே போதும். 'தி பெஸ்டிலன்ஸ்' என்ற பாடல் ஏறக்குறைய 7 நிமிடம் ஓடுகிறது. அதில் வேகம் எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கிட்டார் ரிஃப் ஒன்று முடியும் முன்பே டிரம்ஸ் அடுத்த வேகத்துக்குத் தாவி, கிட்டாரை இழுத்துக்கொண்டு ஓடும். மூவரும் ஒரே மூச்சில் நிற்பார்கள், ஒரே மூச்சில் மறுபடி கிளம்புவார்கள். இதைத் தற்செயலாகச் செய்ய முடியாது. 'ரயட் ஆஃப் வயலன்ஸ்' பாடலை டிரம்மர் வென்டாரே பாடுகிறார். மற்ற பாடல்களின் பாய்ச்சலுக்கு நடுவே அது நிதானமாகக் கனத்து நடக்கிறது. எங்கே வேகத்தைக் குறைத்தால் அடுத்த வேகம் உறைக்கும் என்ற கணக்குத் தெரிந்தவர்கள் அடுக்கிய வரிசை அது. முந்தைய ஆண்டு வந்த முதல் ஆல்பமான 'எண்ட்லெஸ் பெயின்' தொகுப்போடு ஒப்பிட்டால், ஒரே ஆண்டில் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று காதுக்கே தெரியும். பெர்லினில் மியூசிக் லேப் ஸ்டுடியோவில் ஹாரிஸ் ஜான்ஸ் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து பதிவு செய்தார்கள். சொரசொரப்பான அந்த ஒலியும் ஒரு தேர்வுதான்.

வேடிக்கை என்னவென்றால், அவர்களை வெளியிட்ட பெர்லின் நிறுவனத்தின் பெயரே நாய்ஸ் ரெக்கார்ட்ஸ். பங்க் இசை வெளியிட்டுக்கொண்டிருந்த கார்ல்-உல்ரிக் வால்டர்பாக் தொடங்கியது. திட்டுகிறவன் சொல்லப்போகும் வார்த்தையை முன்கூட்டியே பெயர்ப்பலகையில் எழுதி மாட்டிவிட்டார்! அதே நிறுவனம் 1984இல் 'டெத் மெட்டல்' என்ற பெயரில் ஒரு தொகுப்பு போட்டது. அதில் ஹெலோவீனும் இருந்தார்கள். பின்னாளில் உற்சாகமான மெல்லிசைப் பல்லவிகளுக்குப் பேர்போன குழு! டெத் எது, த்ராஷ் எது என்ற வேலி அப்போது யாரும் போட்டிருக்கவில்லை. விமர்சகர்கள் பின்னால் வந்து போட்டார்கள்.

கல்விப்புலத்தில் இந்த இசைக்கு முதலில் மரியாதை வாங்கித் தந்தவர்களில் ராபர்ட் வால்ஸர் முக்கியமானவர். 1993இல் வந்த அவருடைய 'ரன்னிங் வித் த டெவில்' புத்தகம், மெட்டல் கிட்டார் கலைஞர்கள் பாக், விவால்டி போன்றோரின் இசையை எப்படிப் பயின்று தமதாக்கினார்கள் என்று விரிவாகக் காட்டியது. நல்ல புத்தகம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பாக் கைப்பிடித்துக் கூட்டிவந்தால்தான் உள்ளே விடுவீர்களா? ஆல்ட்டனெஸ்ஸன் பையன்கள் இங்கிலாந்தின் வெனமையும் பங்க் குழுக்களையும் கேட்டு, ஒருவர் இசையை இன்னொருவர் முறியடிக்கத் துடித்து இந்த வேகத்துக்கு வந்தார்கள். அந்தப் பரம்பரைக்குத் தனிக் கணக்கு இல்லையா?

சரி, இரண்டாவது கூட்டத்துக்கு வருவோம். காலம் போகப்போக 'ப்ளஷர் டு கில்' செவ்வியல் ஆல்பம் ஆகிவிட்டது. டெத் மெட்டலுக்கு வழிதிறந்தவற்றில் ஒன்று என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ரோலிங் ஸ்டோன் இதழ் 2017இல் எல்லாக் காலத்துக்குமான 100 மெட்டல் ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது இதற்கும் இடம் கொடுத்தது. புகழ்மொழிகளைக் கவனியுங்கள். வெறி, மூர்க்கம், காட்டாறு, எரிமலை, கட்டுக்கடங்காத இளமை. எல்லாமே இயற்கைச் சீற்றங்கள். எரிமலை யோசிப்பதில்லை. காட்டாறு ஒத்திகை பார்ப்பதில்லை. இரைச்சல் என்றவர் சொன்னதையேதான் இவரும் சொல்கிறார். தொனி மட்டும் மாறியிருக்கிறது. உழைப்பும் அறிவும் இரண்டு பேர் கணக்கிலும் வரவில்லை. 'அசல்', 'பச்சை' என்ற பாராட்டு வேறு யாருடைய எழுத்துக்கும் கலைக்கும் அளந்து தரப்படுகிறது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாராட்டின் விலை என்ன என்பது 1990களில் தெரிந்தது. க்ரியேட்டர் மாறப் பார்த்தார்கள். 1992இல் 'ரினியூவல்': வேகத்தைக் குறைத்து, ஆலை இயந்திரத்தின் தாளத்தை நினைவூட்டும் இண்டஸ்ட்ரியல் ஒலியைக் கொண்டுவந்தார்கள். 1999இல் 'எண்டோரமா': மில்லே கத்துவதை விட்டுப் பாடினார், காத்திக் ராக்கின் சோகத்துக்குள் போனார்; தலைப்புப் பாடலில் லாக்ரிமோசாவின் டிலோ வோல்ஃப் சேர்ந்து பாடினார். வரவேற்பு கலவையாக இருந்தது என்று சொல்வது நாகரிகமான பேச்சு. பலருக்கு அது துரோகம். 2001இல் 'வயலன்ட் ரெவல்யூஷன்' வந்தது. மறுபடி த்ராஷ், மறுபடி பாய்ச்சல். அப்பாடா, திரும்பி வந்துவிட்டார்கள் என்று இதழ்கள் ஆரவாரித்தன.

அதே 2001ஆம் ஆண்டுதான் ஸால்வெரைன் சுரங்கத்தை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நான் அங்கே போனதில்லை, படங்களில்தான் பார்த்திருக்கிறேன். கரி கழுவிய கட்டடத்துக்குள் இப்போது அருங்காட்சியகம். ஆரஞ்சு வெளிச்சம் பூசிய நீளமான நகரும் படிக்கட்டில் பார்வையாளர்கள் ஏறிப்போகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. சுரங்கம் இயங்கிக்கொண்டிருந்தவரை யாரும் அதைப் பார்க்க டிக்கெட் வாங்கவில்லை. தொழிலாளி போன பிறகு, அவன் நின்ற இடம் மட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு ஆண்டை வைத்து வாதத்தைக் கட்டுவது ஆய்வாளனுக்கு அழகல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த 2001ஐ என்னால் கடந்துபோக முடியவில்லை.

'திரும்பி வா' என்று கேட்டவர்கள் விமர்சகர்கள் மட்டுமல்ல, ரசிகர்களும்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மை. அதிலும் பலர் இதே வர்க்கத்துப் பிள்ளைகள். தங்கள் குரல் என்று நினைத்தது வேறு அறைக்குக் குடிபோவதைப் பார்த்த கோபம் அவர்களுடையது. அதை நான் மதிக்கிறேன். அந்தக் கோபத்தை எடுத்து, 'இவர்களுக்கு இதுதான் வரும்' என்ற அழகியல் கோட்பாடாக்கியது விமர்சகர்களின் வேலை. குழுவினரும் யாரும் கட்டாயப்படுத்தித் திரும்பவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017இல் 'காட்ஸ் ஆஃப் வயலன்ஸ்' ஜெர்மன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவர்கள் தோற்றுப்போனவர்கள் அல்ல.

இன்னொரு பக்கம் பாருங்கள். 'எண்டோரமா' வந்த அடுத்த ஆண்டு, 2000இல், இங்கிலாந்தின் ரேடியோஹெட் கிட்டார்களை ஓரங்கட்டிவிட்டு 'கிட் ஏ' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அவர்கள் கட்டணம் செலுத்திப் படிக்கும் அபிங்டன் பள்ளியில் சந்தித்துக்கொண்டவர்கள். முதலில் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் 'பரிசோதனை', 'துணிச்சல்' என்ற சொற்கள் அவர்களுக்காகத் தயாராக இருந்தன. 'கிட் ஏ' உண்மையிலேயே மேலான ஆல்பம் என்று நீங்கள் சொன்னால், நான் சண்டைக்கு வரமாட்டேன். நான் கேட்பது, தோற்றுப்போன பரிசோதனையையும் பரிசோதனை என்று அழைக்கும் மரியாதையைத்தான். ஒருவருக்கு அது தேடல், இன்னொருவருக்கு வழிதவறல் என்று யார் பிரித்துக் கொடுப்பது?

பக்கத்து ஊரான கெல்சன்கிர்ஷனின் சோடம் குழுவுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அதன் பாடகர் டாம் ஏஞ்சல்ரிப்பர் நிஜமாகவே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆரம்ப ஆல்பங்களின் தடுமாற்றத்தையே இன்றைக்குப் புனித நூலாக வைத்திருக்கிறார்கள். 1989இல் வியட்நாமில் அமெரிக்கா தெளித்த நச்சைத் தலைப்பாக்கி 'ஏஜென்ட் ஆரஞ்ச்' போட்டு, ஜெர்மன் விற்பனைப் பட்டியலுக்குள் நுழைந்தார்கள். ஒரு சுரங்கத் தொழிலாளி ஏகாதிபத்தியப் போரைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பதைவிட, அவர் சுரங்கத் தொழிலாளி என்பதுதான் இன்றும் முதல் வரியில் வருகிறது. பாருங்கள், நானும் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

பக்கத்து அறைத் தோழருக்கு 'எண்டோரமா' போட்டுக் காட்டினேன். இரண்டாவது பாட்டிலேயே கொட்டாவி விட்டார். எனக்கும் அது முழுசாகப் பிடிக்கவில்லை. குரல் பல இடங்களில் தயங்குகிறது, மெட்டுகள் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றன. "நல்லா இல்லையே தோழர்" என்றார். நல்லா இல்லைதான் என்றேன். "அப்ப பழைய மிக்ஸியவே போடுங்க" என்றார். போட்டேன். 'தி பெஸ்டிலன்ஸ்' ஓடும்போது, வேகம் மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். பாதியில் கணக்குத் தவறியது. "முதல்ல இருந்து போடுங்க" என்றார்.