வண்ண வளையம் சொல்லும் கணக்கு



அறிவியல் கண்காட்சிக்காக, சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றை 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாக இணைத்துப் பார்த்தது உண்டா? 'பளிச்'சென ஒரு நொடி எரியும், அப்புறம் அவ்வளவுதான்! அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்ததால் வந்த வினை அது. அதைத் தடுக்கும் காவல்காரர்தான் மின்தடை. கடையில் 'ரெசிஸ்டர்' என்று கேளுங்கள்.

நெல்மணி அளவு உடம்பில் எண் எழுத இடம் ஏது? அதனால்தான் வண்ண வளையங்கள்.

கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. இதில் 2 முதல் 7 வரை வானவில்லின் வரிசையே! பாதிக்கு மேல் மனப்பாடம் ஆகிவிட்டதா?

நான்கு வளையம் உள்ளதை எடுங்கள். தங்க நிற வளையம் வலப்பக்கம் இருக்கட்டும். முதல் இரண்டும் எண்கள். மூன்றாவது, எத்தனை சுழி என்று சொல்லும். மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் 4, 7, ஒரு சுழி. அதாவது 470 ஓம். தங்கம், '5 சதவீதம் கூடலாம், குறையலாம்' என்கிறது. நம் விளக்குக்கு இது பொருத்தம். மூன்றாவது வளையம் சிவப்பானால் 4,700 ஓம், விளக்கு மங்கிவிடும். கறுப்பானால் 47 ஓம், விளக்கு கருகிவிடும்!

உங்கள் வகுப்பில் ஒருவன் சிவப்பையும் பழுப்பையும் மாற்றிச் சொல்கிறானா? கிண்டல் வேண்டாம். சில நிறங்களைப் பிரித்தறிய முடியாத கண்கள் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அது கவனக்குறைவு அல்ல. மல்டிமீட்டரில் அளந்து பார்க்கக் கொடுங்கள். உங்களைவிடச் சரியாகவே சொல்வான்.

'ஓம்' என்பது ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் என்பவரின் பெயர். மின்தடை பற்றிய விதியை 1827ல் நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1841ல்தான் லண்டன் ராயல் சொசைட்டி, காப்ளி பதக்கம் தந்து கவுரவித்தது.

மதிப்பைத் தவறாகப் படித்தால் நஷ்டம் விளக்குக்கு மட்டுமல்ல; மனிதருக்கும்தான். பொறுமையாகப் படியுங்கள், வளையங்களையும், நண்பர்களையும்!

சோதனை எல்லாம் பேட்டரியில் மட்டும். வீட்டு பிளக் பக்கம் போகவே கூடாது, சரிதானா?

அன்புடன்,
ஆசிரியர்