காலியாக இறங்கிய கலம்

2024 செப்டம்பர் 6-ஆம் தேதி இரவு, நியூ மெக்ஸிகோவின் வொயிட் சேண்ட்ஸில் போயிங்கின் ஸ்டார்லைனர் கலம் ஆளில்லாமல் வந்து இறங்கியது. பாராசூட்டுகள் விரிந்தன, காற்றுப் பைகள் உப்பின, கலம் குறித்த இடத்தில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து நம் துறைக்காரர்கள் கூடும் இடங்களில் ஒரு பேச்சு அடிபடுகிறது: “இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே, சுனிதா வில்லியம்ஸையும் புட்ச் வில்மோரையும் அதிலேயே அழைத்து வந்திருக்கலாம். சுமார் எட்டு நாள் பயணம் 286 நாளாக இழுத்திருக்காது.” வெளியாட்கள் சொன்னால் விட்டுவிடலாம். ரிவ்யூ கூட்டங்களில் உட்கார்பவர்களே சொல்கிறார்கள். அதனால்தான் இந்த இதழின் உரையை இதற்கென்று ஒதுக்குகிறேன்.

ஆகஸ்ட் 24 அன்று கலத்தை ஆளில்லாமல் இறக்க நாசா முடிவெடுத்தபோது அவர்கள் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது சேவைக் கூறின் 28 சிறு உந்துபொறிகளில் ஐந்து நின்றுபோயின. அவற்றில் நான்கு பிறகு உயிர்பெற்றன. ஹீலியம் பல இடங்களில் கசிந்தது. தரையில் அதே வகை உந்துபொறியைச் சூடாக்கி ஓட்டிப் பார்த்ததில், வால்வுக்குள் இருக்கும் டெஃப்ளான் அடைப்பு வெப்பத்தில் உப்பி உந்துபொருள் வழியைக் குறுக்குவது தெரிந்தது. ஆனால் அடுத்த முறை சூடேறும்போது அது எவ்வளவு உப்பும் என்று யாராலும் உறுதியாகக் கணிக்க முடியவில்லை. சுற்றுப்பாதையை விட்டு இறங்கும் எரிப்பின்போது கலத்தைச் சரியான கோணத்தில் பிடித்து வைக்க வேண்டியவை இதே உந்துபொறிகள்தான்.

அமெரிக்க வணிகக் கலங்களுக்கு நாசா வைத்த அளவுகோல், குழுவை இழக்கும் வாய்ப்பு 270-ல் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது. ஒரு பேச்சுக்கு, அந்தக் கலத்தில் உண்மையான ஆபத்து இருபதில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அனுமதித்ததைவிடப் பதின்மூன்று மடங்குக்கும் அதிகம். எந்தக் குழுவும் கையெழுத்துப் போடக் கூடாத எண் அது. இருந்தும் இருபது முறை இறக்கினால் சராசரியாகப் பத்தொன்பது முறை அது நன்றாகவே இறங்கும். அப்படியானால் ஒருமுறை நன்றாக இறங்கியதை வைத்து அந்த எண்ணைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? ஏறக்குறைய ஒன்றுமில்லை. நம் மாணவர்களுக்கு முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது. பாராசூட் விரியும் காட்சியைப் பார்த்ததும் நாமே அதை மறந்துவிடுகிறோம். அந்த இறக்கமும் பழுதில்லாதது அல்ல. ஆட்கள் உட்காரும் கூறில் இருந்த பன்னிரண்டு உந்துபொறிகளில் ஒன்று அன்று இயங்கவில்லை.

இறங்கிய விதத்தை மட்டும் அளவாக வைத்தால் 1971 ஜூனில் திரும்பிய சோயுஸ் 11-ஐயும் வெற்றி என்றே எழுத வேண்டும். பாராசூட் விரிந்தது, கலம் கசகஸ்தான் மண்ணில் முறையாக அமர்ந்தது. உள்ளே தோப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பட்சாயெவ் மூவரும் இறந்திருந்தார்கள். கூறுகள் பிரிந்தபோது, 168 கிலோமீட்டர் உயரத்தில், காற்றுச் சமன் வால்வு ஒன்று திறந்துகொண்டிருந்தது. அழுத்த உடை யாரும் அணிந்திருக்கவில்லை.

கொலம்பியா விண்ணோடத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை நடுங்கும். ஆனாலும் திரும்பத் திரும்ப எழுதத்தான் வேண்டும். 2003 ஜனவரி 16 அன்று ஏவிய 82-ஆவது வினாடியில், முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. மறுநாளே படத்தில் தெரிந்துவிட்டது. பொறியாளர்கள் சேதத்தைப் படமெடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார்கள், மூன்றும் நின்றுபோயின. சேதத்தைக் கணிக்கப் பயன்பட்ட ‘கிரேட்டர்’ என்ற கணக்கு முறை, மோதிய துண்டைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறிய துணுக்குகளை வைத்துச் சரிபார்க்கப்பட்டது. அந்தக் கணக்கே வெப்பம் தடுக்கும் ஓடுகளில் ஆழமான சேதம் வரலாம் என்றுதான் சொன்னது. அது எப்போதும் கூட்டிச் சொல்லும் என்று அதையும் தள்ளிவைத்தார்கள். பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் டெக்சாஸ் வானில் போனார்கள். ஜூலையில் சான் அன்டோனியோவில் அதே அளவு நுரைத் துண்டை இறக்கையின் எட்டாம் பலகை மேல் சுட்டுப் பார்த்தார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

விசாரணைக் குழு கண்டுபிடித்தவற்றில் என்னை மிகவும் உறுத்துவது அந்த ஓட்டை அல்ல. கலம் பாதுகாப்பானது என்று காட்டும் பொறுப்பு மேலாளர்கள் மேல் இருந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். ஆபத்து இருக்கிறது என்று நிரூபிக்கும் பாரம் பொறியாளர்கள் தலையில் விழுந்தது. நிரூபிக்கத் தேவையான படம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கலத்தில் இருந்ததை வைத்து பிப்ரவரி 15 வரை தாக்குப்பிடித்திருக்கலாம் என்றும், அடுத்த பயணத்துக்குத் தயாராகிவந்த அட்லாண்டிஸை விரைவுபடுத்தி பிப்ரவரி 10 அளவில் ஏவியிருக்கலாம் என்றும் அதே குழு கணக்கிட்டது. பொறியாளர்கள் சொன்னதைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், ஐந்து நாள் இடைவெளி இருந்தது.

ஏன் கேட்கவில்லை? நுரை அதற்கு முன்னும் பலமுறை உதிர்ந்திருந்தது, கலங்கள் நல்லபடி திரும்பியிருந்தன. 1988 டிசம்பரில் அட்லாண்டிஸ் 700-க்கும் மேற்பட்ட ஓடுகள் சேதமாகித் திரும்பியது. ஓர் ஓடு முழுதாகவே காணவில்லை. அந்த இடத்துக்கு அடியில் ஆன்டெனா பொருத்தும் தடித்த உலோகத் தகடு தற்செயலாக இருந்ததால் தீ உள்ளே போகவில்லை. அதுபோன்ற ஒவ்வொரு திரும்பலையும் எச்சரிக்கையாகப் படிக்கலாம், தாங்கும் என்பதற்குச் சான்றாகவும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பே வழக்கமானது.

ரஷ்யர்களுக்கும் இது நேர்ந்தது. 2007 அக்டோபரில் சோயுஸ் டிஎம்ஏ-10 வழிகாட்டல் இழந்து பாலிஸ்டிக் பாதையில் விழுந்தது. ஆறே மாதத்தில் டிஎம்ஏ-11-உம் அப்படியே. வெடிபோல்ட் ஒன்று வேலை செய்யாமல் பின்கூறு ஒட்டிக்கொண்டே வந்தது. உள்ளிருந்தவர்கள் 8 ஜி-க்கு மேல் தாங்கினார்கள். குறித்த இடத்துக்கு 400 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இறங்கினார்கள். அதன் பிறகுதான், அந்த ஜூலையில், நிலையத்தில் நின்றிருந்த அடுத்த கலத்திலிருந்து ஒரு வெடிபோல்ட்டை விண்நடையில் கழற்றி எடுத்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் ஸ்டார்லைனரைக் காலியாக அனுப்பிய முடிவை நான் மதிக்கிறேன். அது தனி நிகழ்வும் அல்ல. 2022 டிசம்பரில் குளிர்விப்பு திரவம் கசிந்த சோயுஸ் எம்எஸ்-22-ஐ ரஷ்யா காலியாக இறக்கியது. மாற்றுக் கலம் வந்தது. பிராங்க் ரூபியோ 371 நாள் வானில் இருக்க நேர்ந்தது. 2025 நவம்பரில் ஷென்சோ-20-இன் சன்னலில் விரிசல் கண்ட சீனர்கள், அந்தக் குழுவை ஷென்சோ-21-இல் இறக்கினார்கள். நிலையத்தில் எஞ்சிய மூவருக்கும் திரும்பக் கலம் இல்லாத நிலை பதினோரு நாளில் முடிந்தது, ஷென்சோ-22 தயாராக இருந்ததால். மூன்று நாடுகளும் ஒரே முடிவுக்கு வந்தன: சந்தேகம் இருந்தால் ஆளை ஏற்றாதே. மூன்றுக்கும் அதைச் செய்ய முடிந்தது, தங்க ஓர் இடமும் அனுப்ப இன்னொரு கலமும் இருந்ததால்.

நம் ஆளேற்றப் பயணமான ககன்யானுக்கு இவை இரண்டும் இல்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கலத்துக்கு ஒதுங்க ஒரு நிலையம் கிடையாது. இதே நிலையில் 2009 மே மாதம் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க அட்லாண்டிஸ் போனபோது, மீட்புக்கென்று எண்டெவர் இன்னொரு ஏவுதளத்தில் நின்றது. நம்மால் அப்படி நிறுத்த முடியாது. ஆகவே மற்றவர்கள் வானில் எடுத்த முடிவை நாம் தரையிலேயே, ஆளில்லாப் பயணங்களின் தரவை வைத்தே எடுத்தாக வேண்டும்.

அதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1971-இல் அப்போலோ 15 மூன்று பாராசூட்டுகளில் ஒன்று சுருங்கிப்போய் இரண்டில் இறங்கியது. வடிவமைப்பே அதைத் தாங்கும், யாருக்கும் காயமில்லை. இருந்தும் விசாரித்து, இறங்கும்போது வெளியேற்றிய எரிபொருளைச் சந்தேகித்து, அடுத்த பயணங்களில் அந்தச் செய்முறையையே மாற்றினார்கள். 2022-இல் ஆளில்லாமல் திரும்பிய ஓரியனின் வெப்பக் கவசம் நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் பெயர்ந்திருந்தபோது, உள்ளே ஆள் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லி முடித்திருக்கலாம். அப்படி முடிக்கவில்லை. கவசத்தின் அவ்கோட் பொருளுக்குள் வாயு சிக்கி வெடித்ததைக் கண்டறிய இரண்டு ஆண்டு ஆனது. நம்மிடத்திலும் அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: 2023 அக்டோபர் 21 அன்று டிவி-டி1 சோதனையில் தப்பிக்கும் அமைப்பு திட்டமிட்டபடி வேலை செய்தது, ஆனால் கலம் வங்கக் கடலில் தலைகீழாக மிதந்தது. கவிழ்ந்த கலத்தை நிமிர்த்தும் அமைப்பு அந்தச் சோதனைக் கலத்தில் இல்லை.

ககன்யானிலும் மூன்று பிரதான பாராசூட்டுகளில் இரண்டு விரிந்தால் போதும். ஒருநாள் ஆளில்லாப் பயணத்தில் இரண்டு மட்டும் விரிந்து கலம் மெல்ல இறங்கினால், அந்த அறிக்கையின் முதல் வரி என்னவாக இருக்கும் என்பதை இப்போதே முடிவுசெய்து வைக்கும்படி நம் வாசகர்களைக் கேட்கிறேன். ஏவுவதற்கு முன்பே ஒவ்வொரு துணை அமைப்புக்கும் எந்த விலகல் வந்தால் ஆளேற்றம் நிற்கும் என்று எழுதி, கையெழுத்திட்டு வைக்க வேண்டும். இறங்கிய பிறகு எழுதினால் பாராசூட் காட்சி நம் பேனாவைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இதழும் தன் பங்கைச் செய்ய வேண்டும். தோல்விகளின் ஆய்வை விரும்பி வெளியிடும் நாம், வெற்றி என்று அறிவித்த பயணங்களைப் பிரித்துப் பார்த்த கட்டுரைகளுக்கு இடம் தந்ததில்லை. அடுத்த இதழ் முதல் அதற்கெனப் பக்கங்கள் ஒதுக்குகிறோம். கருகிய கவசத்தின் தடிமன் அளவீடு, எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகத் திறந்த வால்வு, யாரும் கேட்காததால் கோப்பிலேயே கிடக்கும் டெலிமெட்ரி வரைபடம் எதுவானாலும் அனுப்புங்கள்.