குறைவாகத் தூக்கியவருக்குத் தங்கம்!

மாரண்டஹள்ளி மாதிரி ஒரு ஊரில், காலையில் ஓட்டம், சாயங்காலம் ஜிம் என்று இருக்கும் ஒரு பையனை நினைத்துக் கொள்ளுங்கள். அவனுக்குப் போலீஸ் வேலை வேண்டும். அதற்கு 1500 மீட்டர் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். நேற்று வரை 100 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தவன், இன்று ஆசைப்பட்டு இன்னும் 10 கிலோ சேர்த்தான். தொடையில் சுளீர் என்று ஒரு வலி... அவ்வளவுதான்! மறுநாள் படி ஏறக் கைப்பிடி தேவைப்பட்டது. சில வாரத்தில் வலி போய்விட்டது. ஆனால் பலம் வரவில்லை. 60 கிலோவே மலையாகக் கனக்கிறது.

"பலமெல்லாம் எங்கே போச்சு?"

இந்தக் கேள்விக்கு ஊரில் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். "சதைப் பிடிப்புதான், எண்ணெய் போட்டு அழுத்தி நீவி விடு." "வலியைப் பார்த்தா உடம்பு ஏறுமா? தூக்குடா!" "இனிமே உனக்கு இதெல்லாம் ஆகாது, விட்டுடு." மூன்றும் தவறு.

உண்மையில் நடப்பது என்ன? முதலில், தசையின் இழைகள் சில கிழிந்திருக்கின்றன. இது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, அடிபட்ட இடத்தைக் காப்பாற்ற மூளையே அந்தத் தசைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. வலி அடங்கிய பிறகும் இந்தக் கட்டுப்பாடு கொஞ்ச நாள் தொடரலாம். மூன்றாவது, ஓய்வு. பயன்படுத்தாத தசை வேகமாக இளைக்கும், முன்தொடைத் தசை அதிலும் சீக்கிரம். ஆக, வலி போன நாளும் பலம் திரும்பும் நாளும் ஒன்றல்ல. நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பல பேர் இரண்டாவது முறை அடிபடுகிறார்கள்.

இப்போது ஒரு உண்மைக் கதை. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஸ்னாட்ச் முறையில் 149, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179, மொத்தம் 328 கிலோ. நான்கு வருடம் கழித்து, 2018-ல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டி. அதற்கு முன் நடந்த தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது அவருக்குத் தொடைத் தசையில் காயம். முழுமையாகக் குணமாகாத நிலையில்தான் ஆஸ்திரேலியா போனார்.

அங்கே அவர் தூக்கியது 144-ம் 173-ம். மொத்தம் 317 கிலோ. கிளாஸ்கோவை விட 11 கிலோ குறைவு! காயம்பட்ட அன்று முயன்ற 194-ஐ விட அந்த 173 இருபத்தொரு கிலோ குறைவு! ஆனாலும் தங்கம் அவருக்குத்தான். வெற்றி உறுதியானதும் கடைசி வாய்ப்பை அவர் பயன்படுத்தவே இல்லை. உலகமே பார்த்துக் கொண்டிருக்கும் மேடையில், இன்னும் ஒரு தடவை தூக்கிக் காட்டலாம் என்ற ஆசை யாருக்குத்தான் வராது? அவர் தூக்கவில்லை.

நம் ஊர் ஜிம்களில் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. அடிபட்டு வந்தவன் வெறும் கம்பியைத் தூக்கினால், "என்னடா, பொம்பளப் புள்ள மாதிரி?" என்று ஒரு சிரிப்பு. (2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கியவர் மீராபாய் சானு என்ற பெண்! அவரும் 2018-ல் முதுகுவலியால் ஆசியப் போட்டியையே விட்டுக் கொடுத்தவர்தான்.) அந்தச் சிரிப்புக்குப் பயந்து பழைய எடையைப் போடுகிறான். மறுபடி கிழிகிறது. முதல் காயத்துக்குக் காரணம் எடை என்றால், இரண்டாவது காயத்துக்குக் காரணம் வெட்கம்.

"தேர்வுத் தேதி காத்திருக்காதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாலக்கோடு பக்கம் தக்காளிப் பெட்டி ஏற்றி இறக்கும் தொழிலாளிக்கு அந்தக் காத்திருப்பு இன்னும் கஷ்டம். உடம்பு ஓய்வெடுத்தால் அன்றைய கூலி இல்லை. ஆனால் காத்திருப்பது என்றால் சும்மா படுத்திருப்பது என்று அர்த்தம் இல்லை. முதல் சில நாள் கழித்து, வலிக்காத அளவுக்கு அசைப்பது, பிறகு மிகக் குறைந்த எடை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது... இதுதான் மருந்து. புதிய காயத்தை அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு தூக்குவது, அபாய மணியை அடைத்துவிட்டுத் தீக்குள் போவது மாதிரி.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. ஒரு கால் அடிபட்டிருக்கும்போது நல்ல காலுக்குப் பயிற்சி கொடுத்தால், அடிபட்ட காலின் பலமும் ஓரளவு காப்பாற்றப்படும். ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் பயிற்சி மறுபக்கத்துக்கும் போய்ச் சேருகிறது என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1894-லேயே கவனித்திருக்கிறார்கள்! பயிற்சியால் தசையில் கூடும் உட்கருக்கள், தசை இளைத்த பிறகும் மறைவதில்லை என்று 2010-ல் நார்வே விஞ்ஞானிகள் எலிகளிடம் கண்டார்கள். மனிதர்களிடம் இது பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் முதல் முறை பலம் சேர்க்க ஆன காலத்தை விட, இழந்ததைத் திரும்பப் பெற ஆகும் காலம் குறைவு என்பது பயிற்சி செய்பவர்களின் அனுபவம்.

இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட். நம் மக்களுக்கோ அவர் பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு மட்டும்தான்! பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் ஒரு பகுதி. நடக்க முடியாதவர்களைத் தேடி வரும் அந்தச் சிகிச்சையை, நடக்க முடிந்த இளைஞன் தானே தேடிப் போகலாமே! ஜிம்முக்கு மாதா மாதம் பணம் கட்டுகிறவன், புரோட்டீன் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவன், அடிபட்டதும் அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டு வாங்க ஏன் யோசிக்க வேண்டும்?

தசை கிழிந்து, நடக்கவே முடியாத அளவு வீங்கினாலோ, தொடையில் பள்ளம் தெரிந்தாலோ ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக் கூடாது. மற்றபடி, திரும்பி வருபவனுக்குத் தேவை பொறுமை. அவனைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தேவை கொஞ்சம் வாயடக்கம்.

அடுத்த தடவை ஜிம்மில் யாராவது வெறும் கம்பியைத் தூக்கிக் கொண்டிருந்தால் சிரிக்காதீர்கள். 11 கிலோ குறைவாகத் தூக்கியும் தங்கம் வாங்கலாம் என்று ஒரு வேலூர்க்காரர் ஏற்கெனவே காட்டிவிட்டார்.