உருளைக்கிழங்கு டிபி கிருமியை வளர்க்கும். அப்போ சாப்பிடக் கூடாதா?

1/
"இந்த மூலிகைச் சாறு ஆய்வகத்தில் டிபி கிருமியைக் கொன்றது. இனி ஆறு மாச மாத்திரை தேவையில்லை."

இப்படி ஒரு ஃபார்வர்டு உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். இலையின் பெயர் மாறும், கதை மாறாது.

ஆனா அதே ஆய்வகத்தில் தாவரத்தை வச்சு டிபி கிருமியை வளர்க்கவும் செய்றாங்க. அதை யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல. அதைப் பற்றித்தான் இந்த இழை.

2/
டிபி கிருமி மகா சோம்பேறி. குடலில் வாழும் ஈ.கோலை கிருமி நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். டிபி கிருமிக்கு 15 முதல் 20 மணி நேரம் வேணும். சளியை கல்ச்சருக்கு அனுப்பினா, "கிருமி இல்லை" என்று உறுதியாகச் சொல்ல 6 முதல் 8 வாரம் வரை காத்திருப்பது இதனால்தான்.

3/
இந்தச் சோம்பேறியை வளர்க்க லேபில் தனிச் சமையலே உண்டு. லோவன்ஸ்டீன்-ஜென்சன் ஊடகம் என்று பெயர். முட்டை, கிளிசரால், அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம், மற்ற கிருமிகளை அடக்க ஒரு பச்சைச் சாயம். ஜென்சனின் பழைய செய்முறையில் உருளைக்கிழங்கு மாவும் உண்டு.

அஸ்பராஜின் எங்கிருந்து வந்த பெயர்? 1806இல் பிரான்சில் அஸ்பராகஸ் செடியின் சாற்றிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தாங்க. நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே அஸ்பராகஸ் இனம்தான்.

4/
இன்னொன்று. நம்ம குழந்தைகளுக்குப் போடும் பிசிஜி தடுப்பூசி. பிரான்சின் லீல் நகரில் கால்மெட், குவேரின் இருவரும் மாட்டிலிருந்து எடுத்த டிபி கிருமியை கிளிசரால், மாட்டுப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் வளர்த்தாங்க. 1908 முதல் 1921 வரை சுமார் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்ததில், கிருமி நோய் உண்டாக்கும் வீரியத்தை இழந்தது.

5/
இப்போ ஃபார்வர்டு எழுதுபவரின் மூளையோடு யோசிங்க.

"உருளைக்கிழங்கு டிபியை வளர்க்கும், தொடாதீர்கள்!" என்று ஒன்று எழுதலாம்.
"உருளைக்கிழங்கு டிபியின் வீரியத்தை அழிக்கும், தினமும் சாப்பிடுங்கள்!" என்று இன்னொன்றும் எழுதலாம்.

இரண்டுக்கும் "ஆய்வக ஆதாரம்" இருக்கு. இரண்டும் அபத்தம். சிரிப்பு வருதா? "இலைச்சாறு லேபில் கிருமியைக் கொன்றது, அதனால் நோய் குணமாகும்" என்பதும் இதே கணக்குதான். அதுக்கு மட்டும் ஏன் தலையாட்டுறோம்?

6/
கண்ணாடிக் குப்பிக்கு வயிறு கிடையாது, கல்லீரல் கிடையாது. குடிக்கும் சாறு செரிமானத்தைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்து, நுரையீரல் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை எட்டணும். அதுவும் உங்களுக்குக் கேடு செய்யாமல்.

பிளீச்சிங் கரைசல்கூட டிபி கிருமியைக் கொல்லும். குடிப்பீங்களா?

7/
"இங்கிலீஷ் டாக்டருக்கு மூலிகைன்னாலே ஆகாது" என்று கமெண்ட் வரும். தெரியும்.

மலேரியாவுக்கு இன்று நாங்க கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் ஒரு செடியிலிருந்து வந்தது. அதற்காக சீனாவின் து யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். ஆனா அந்தச் செடியிலிருந்து மருந்தைப் பிரித்து, அளவு கண்டுபிடித்து, மனிதர்களிடம் சோதித்த பிறகுதான் அது மருந்தானது. என் எதிரி செடி இல்லை. பாதி வழியில் வண்டியை நிறுத்திட்டு ஊர் வந்தாச்சு என்பவர்தான்.

8/
நிஜமான மருந்தே தனியா நின்னா தோற்கும். 1940களில் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்துப் பார்த்தாங்க. முதலில் அருமையான பலன். சில மாதத்தில் பலருக்கு கிருமி அந்த மருந்தையே எதிர்க்கப் பழகிடுச்சு. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அந்தப் பாடத்தால்தான்.

9/
இதில் உயிர் போகும் இடம் எது தெரியுமா? மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், எடை கூடும், பசி எடுக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது சாறு கொடுப்பாங்க. பெயர் சாறுக்குப் போகும், மாத்திரை குப்பைக்குப் போகும். மிச்சமிருக்கும் சோம்பேறிக் கிருமிகள் மெதுவா எழும். மருந்துக்கு அடங்காத டிபியா மாறவும் வாய்ப்பு உண்டு. அது வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் பரவும்.

10/
அப்போ சாப்பாட்டுக்கு மதிப்பே இல்லையா? நிறைய இருக்கு, மனிதர்களிடம் சோதித்த ஆதாரத்தோடு. ஜார்கண்டில் டிபி நோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதாமாதம் கூடுதல் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்தாங்க. 2023இல் முடிவு வெளியானது: அந்தக் குடும்பங்களில் புதிதாக டிபி வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது.

முட்டை சாப்பிடுங்க. பருப்பு சாப்பிடுங்க. உருளைக்கிழங்கும் தாராளமா சாப்பிடுங்க. மாத்திரையோடு சேர்த்து.

11/
இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை ஒரு நாள்கூட விடாதீங்க. லேகியம், கஷாயம் எதுவும் எடுத்தா மறைக்காம சொல்லுங்க. டிபி மாத்திரைகளே கல்லீரலைச் சோதிக்கும், சில மூலிகைகளும் அப்படித்தான்.

அடுத்த முறை "லேபில் கொன்றது" என்று ஃபார்வர்டு வந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எத்தனை மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்த்தீங்க?"

பதில் வராது. குரூப்பும் கொஞ்ச நாள் அமைதியா இருக்கும்.