மங்கில் நிற்கும் மழைநீர்

மழை பெய்த மறுநாள் வெட்டு நிறுத்திய நிரைக்குள் நடந்து பார்த்தவர்களுக்கு நாம் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. மரத்துக்கு மரம் மங்குகள் வாயைத் திறந்தபடி இருக்கும். அவற்றில் தேங்கும் நீரில் இரண்டு மூன்று நாளில் புழு நெளியும். ஒரு வாரம் பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். காலில் வெள்ளை வரி போட்ட இந்தக் கொசு பகலில் கடிப்பது. விடிந்து வெயில் ஏறும் முன்னும் மாலையிலும் அதற்கு வேட்டை. காலை வேட்டை நேரத்தில்தான் நம் பெண்கள் கத்தியும் வாளியுமாக மரத்தடியில் நிற்கிறார்கள்.

இந்தக் கொசு கொண்டுவரும் டிங்கிக் காய்ச்சல் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1901-02லேயே பினாங்கில் கண்டிருக்கிறது. இரத்தம் கசியும் கடுமையான வகையும் 1962ல் அங்கேயே தலைகாட்டியது.

எல்லாருக்கும் வரும் காய்ச்சல்தானே, கர்ப்பிணிக்கு மட்டும் என்ன தனிக் கணக்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம் அலுவலகத்திலேயே கேட்டார்கள். தனிக் கணக்கு உண்டு, தோழர்களே. கர்ப்பிணிக்கு டிங்கி கண்டால் அது கடுமையாகும் அபாயம் அதிகம். பிரசவத்தில் இரத்தப்போக்கு மிகுதியாகலாம். பிள்ளை குறைமாதத்தில், எடை குறைந்து பிறக்கலாம். பிரசவத்தை ஒட்டிக் காய்ச்சல் வந்தால் கிருமி பிள்ளைக்கும் போய்ச் சேரக்கூடும். பிறந்த சில நாளில் அந்தப் பச்சிளங் குழந்தைக்கும் உடம்பு கொதிக்கும்.

இதைவிடக் கொடுமை, கர்ப்பமே நோயை மறைத்துவிடுவதுதான். விடாத வாந்தியை மசக்கை என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். இரத்தம் கெட்டியாவதைப் பார்த்து வைத்தியர்கள் டிங்கியின் ஆபத்தை அளக்கிறார்கள். கர்ப்பிணியின் இரத்தமோ இயல்பிலேயே நீர்த்திருப்பதால் அந்த அளவும் ஏமாற்றிவிடும். காய்ச்சல் விட்டது, இனிப் பயமில்லை என்று எழுந்து நடக்கும் நாள்தான் பெரும்பாலும் ஆபத்தான நாள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கண் சொருகும் அசதி, இவற்றில் ஒன்று கண்டாலும் லயத்தில் படுக்க வைக்காதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

இந்த இனக் கொசுக்களே ஸிக்கா என்னும் கிருமியையும் சுமக்கும். 1966லேயே பெந்தோங்கில் பிடித்த கொசுவில் அது இருந்தது. 2015ல் பிரேசிலில் தலை சிறுத்த குழந்தைகள் பிறந்த பிறகுதான் உலகம் அதன் கொடுமையை அறிந்தது.

நாம் கிராணி வேலை பார்ப்பவர்கள். ஒருவர் வேலைக்கு வந்தாரா இல்லையா என்று செக்ரோலில் எழுதுவது நம் கை. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் மூன்று நாள் காய்ச்சலோடு பெரட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று பயந்து வந்தவருக்கு நாமும் பேசாமல் பெயர் எழுதினோம். இரண்டாம் நாள் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். தாயும் பிழைத்தார், குறைமாதத்தில் பிறந்த பிள்ளையும் பிழைத்தது. அன்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டியவர்கள் நாமே. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் கை கூசுகிறது.

அவர் சம்பளத்தை இழந்திருக்க வேண்டியதும் இல்லை. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, வைத்தியர் சான்று இருந்தால், வேலைக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் படுத்தால் 60 நாள் வரை உண்டு. பிரசவ விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள். இவை யாரும் இரங்கிப் போடும் பிச்சையல்ல.

மங்கு விஷயத்துக்கு வருவோம். வெட்டு நிற்கும்போது மங்குகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. சரி, யார் நேரத்தில்? பாலைக் கொட்டி, வாளி கழுவி, வீட்டில் பிள்ளைக்குச் சோறாக்கப் போகிற பெண் திரும்பி வந்து நூற்றுக்கணக்கான மங்கைச் சும்மா கவிழ்க்க வேண்டுமா? கொசு வளர இடம் கொடுப்பதை 1975ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அது இடத்துக்கு உரியவரைத்தான் கேட்கும், கூலியாளை அல்ல. ஆகவே மங்கு கவிழ்ப்பதும் வேலை. அதற்கும் கூலி வேண்டும்.

நீர் தேங்கிய நிரைகள் எவை என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் எழுதிக் கொண்டுவாருங்கள். அந்த நிரைகளில் வெட்டும் கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்றும் சேர்த்து எழுதுங்கள். மனுவை நாம் எழுதுகிறோம்.