ஆர்க்கிட்டைக் கொல்வது அக்கறைதான்

ஆசையாக ஆர்க்கிட் வாங்கிப் போகிறவர்கள் சில மாதத்திலேயே "இது ரொம்ப நாசூக்கான செடி, வீட்டுல வராதுங்க" என்று கை விரித்துவிடுகிறார்கள். செடி மேல் பழி போடுவது சுலபம்! பெரும்பாலும் அதைக் கொன்றது வேளை தவறாமல் ஊற்றிய தண்ணீர்தான்.

வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் ஃபலனாப்சிஸ், தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழும் தொற்றுத்தாவரம். (ஒட்டுண்ணி அல்ல, மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை.) வேர் காற்றில் தொங்கும், மழையில் நனையும், சீக்கிரமே காயும். அதைச் சுற்றியுள்ள வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை, கிடைத்த ஈரத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வேரைத் தோட்டத்து மண்ணில் புதைத்து, தினமும் தண்ணீர் விட்டால் மூச்சுத் திணறி அழுகாமல் என்ன செய்யும்?

மரப்பட்டை, தேங்காய் மட்டைத் துண்டு, கரி இவற்றில் ஏதாவது போட்ட, அடியில் ஓட்டையுள்ள தொட்டி போதும். எப்போது தண்ணீர் என்பதை வேரே சொல்லிவிடும்: நனைந்திருந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி நிறம். ஜன்னலோர வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் ஆகாது. ஓட்டையில்லாத பீங்கான் ஜாடியில் வைத்து விற்கும் கடைக்காரர்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்குண்டு.

இன்னொரு கொடுமை, பூ உதிர்ந்ததும் செத்துவிட்டது என்று குப்பையில் போடுவது. இலை தடிப்பாக, வேர் உறுதியாக இருந்தால் செடி ஓய்வெடுக்கிறது, அவ்வளவே. இரவுகள் கொஞ்சம் குளிர்ந்தால் மறுபடி பூந்தண்டு விடும். வருஷத்தில் பாதி நாள் இரவிலும் புழுங்கும் சென்னையில் அது கஷ்டம். அங்கே டென்ட்ரோபியம் வாங்குவதே புத்திசாலித்தனம்.